எத்தனைன்னாலும் வாங்கிக்கும்

ஆசிரியர் ஐயாவும் வாசகர்களும் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் கையெழுத்து, மழை விட்ட மண்ணில் நண்டு ஓடியது போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். மரியாதைக்காக இதைச் சொல்லவில்லை. இந்தக் கதையே என் கையெழுத்தினால் வந்ததுதான்.

மலாக்கா மாநிலத்தில், நல்ல மனசோடு இத்தனை பேரைக் குழப்பிய ஆள் ‘வாங்கிக்கும்’ தம்பியைத் தவிர வேறொருவர் இல்லை. இனிமேல் யாராவது பிறந்து வந்தாலும் இரண்டாம் இடம்தான் கிடைக்கும்.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. பத்து பெரண்டாம் என்கிற ஊரில் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்த அதே பேக்டரியில் அவர் டெக்னீசியன். கழுத்தில் தொங்குகிற பெயர் அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்து வைத்திருப்பார். கேட்டிருக்கலாம். கேட்க எனக்குக் கூச்சம். கேன்டீனில் தட்டு நிறைந்து வழியும்போது இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றச் சொல்லி, “வாங்கிக்கும்ணே” என்பார். ஒரே பிளக்கில் ஐந்து வயரைச் சொருகிவிட்டு, “வாங்கிக்கும்” என்பார். அன்றைக்கு எங்கள் பகுதி முழுவதும் இருட்டாகிவிட்டது. இருட்டுக்குள் இருந்து, “நாலுன்னா வாங்கியிருக்கும்” என்று அவருடைய குரல் மட்டும் வந்தது. அந்தப் பெயர் அன்றோடு நிலைத்துவிட்டது.

ஒருமுறை கம்ப்யூட்டர் பெட்டியை மோட்டாரின் பின்சீட்டில் கட்டி, அதற்கு மழைக்கோட்டு போட்டு, தன் ஹெல்மெட்டைக் கழற்றி அதன் தலையில் மாட்டிவிட்டு, இவர் வெறுந்தலையோடு ஆயர் குரோவிலிருந்து வந்தார். போலீஸ்காரர் நிறுத்தினார். “என் தலை அடிபட்டா டாக்டர் தைச்சிருவாரு சார். இது உடைஞ்சா யாரு தைப்பா?” என்று இவர் மலாயில் கேட்டாராம். அந்தப் போலீஸ்காரர் இன்னும் அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இனி என் விஷயம். நாங்கள் இருந்த தோட்டத்தைக் கம்பெனி விற்ற பிறகு, புக்கிட் பெருவாங்கில் தாமான் என்கிற வரிசை வீட்டுக் குடியிருப்பு ஒன்றுக்குக் குடிவந்தேன். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் என் பெயரைக் கேட்டார்கள், வாய் திறக்கவில்லை, ஊமை என்று நினைத்து அனுப்பிவிட்டார்கள். அப்படிப்பட்டவன் நான். பேக்டரியில் பெட்டிகளோடு வேலை. வீட்டில் சுவர்தான். என்னோடு மனிதர்கள் பேசுகிற இடம் ஒன்றே ஒன்று: எங்கள் தாமான் அம்மன் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிற சன்னல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால், நான் பேச வேண்டியதே இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் முகத்தை வைத்து அவர்களே எல்லாவற்றையும் சொல்வார்கள். பெயர், நட்சத்திரம், ராசி, மருமகளின் குணம், முட்டிவலி, லோரிக்கு வந்த ரிப்பேர். நான் தலையாட்டிக்கொண்டே எழுதுவேன். பன்னிரண்டு வருடம் அப்படித்தான் போனது.

ஆனால் நான் எழுதியதைக் குருக்களால் படிக்க முடியவில்லை. அவர் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர். சீட்டை விளக்குக்கு நேராகப் பிடிப்பார், தலைகீழாகத் திருப்புவார், கடைசியில் அம்மனைப் பார்ப்பார். ஒரு நாள் ஒரு குடும்பத்துக்கு, அந்தக் குடும்பத்தில் யாருக்குமே இல்லாத பெயரில் அர்ச்சனை நடந்தது. அந்த வீட்டுப் பாட்டி, “யாருடா அவ?” என்று மகனைப் பார்த்து அழத் தொடங்கிவிட்டார்.

கோயில் தலைவர் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் அவருடைய மச்சான் நின்றிருந்தார். பள்ளிக்கூட ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுதினால் கல்யாணப் பத்திரிகை அச்சடித்தது போல இருக்கும்.

“தப்பா நெனைக்காதலா,” என்றார் தலைவர். “ஆடித் திருவிழா வருது. நீ எழுதுறது அம்மனுக்கே புரியல. திருவிழாவுலேருந்து மச்சான் ஒக்காரட்டும்.”

நான் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

மறுநாள் கேன்டீனில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். வாங்கிக்கும் எதிரில் வந்து உட்கார்ந்து, கரண்டி கரண்டியாகக் கேட்டுக் கேட்டு முழுவதையும் என்னிடமிருந்து எடுத்துவிட்டார். பிறகு மேசையைத் தட்டினார்.

“கையெழுத்துதானே பிரச்சனை? கையே வேணாம்ணே. கம்ப்யூட்டர்ல அடிப்போம். பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி இருக்கு.”

“அப்படின்னா?”

“மலைப்பாம்பு.”

அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றும், கிர்ர் கிர்ர் என்று கத்துகிற பிரிண்டர் ஒன்றும் சன்னலுக்கு வந்து சேர்ந்தன. தலைவர் சந்தேகமாகப் பார்த்தார். “திருவிழா வரைக்கும் டைம் தர்றேன். அன்னைக்கு சரியா வரலைன்னா மச்சான்தான்,” என்றார். மச்சான் சட்டைப் பையிலிருந்த மைப்பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு ஆங்கில எழுத்துகள் பெட்டி லேபிளைப் பார்த்துப் பழக்கம். எப்படி அடிப்பது என்று வாங்கிக்கும் காட்டினார். ‘அர்ச்சனை’ என்று அடிக்க வேண்டும். அடைப்புக்குறியைத் திறக்க வேண்டும். உள்ளே முதலில் பெயர், அடுத்து நட்சத்திரம், அடுத்து ராசி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் மேற்கோள் கொம்பு போட வேண்டும். அடைப்பை மூடி, பெரிய பொத்தானைத் தட்டினால், குருக்கள் படிக்கிற வரிசையில் சீட்டு வரும்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் ஆளாக வந்த அக்கா, “மேஷ ராசி, அஸ்வினி, பேரு கமலா” என்றார். நான் சொன்னபடியே அடித்தேன். மேஷம் என்கிற பெண்ணுக்கு, கமலா ராசியில் அர்ச்சனை ஆனது. அடுத்து வந்த குடும்பம் எட்டு விஷயம் சொன்னது. எட்டையும் அடித்தேன். சீட்டு வரவில்லை. ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி வந்தது. வாங்கிக்கும் ஓடி வந்து படித்தார்.

“மூணுதான் வேணுமாம்ணே. நீங்க எட்டு குடுத்துட்டீங்களாம்.”

“குடும்பத்துல அஞ்சு பேரு இருக்காங்களே தம்பி.”

“அதுக்குத் தெரியாதுல்ல?”

வரிசை செருப்பு வைக்கும் இடம் வரைக்கும் நீண்டது. மச்சான் மூலையில் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாங்கிக்கும் என் வீட்டுக்கே வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. கையில் ஒரு கட்டுக் காகிதம். “அண்ணே! கெடைச்சிருச்சு! ரெண்டு ஸ்டார்!”

கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், கம்ப்யூட்டரில் பெயர், நட்சத்திரம், ராசி என்று எழுதி வைத்திருந்த மூன்றையும் அழித்தார். அடைப்புக்குறிக்குள் இரண்டு ஸ்டார் குறி போட்டு, ஒட்டினாற்போல ‘எல்லாம்’ என்று ஒரு பெயர் எழுதினார். அவ்வளவுதான். எனக்குப் பயமாக இருந்தது. இருந்த மூன்றும் போய்விட்டதே.

“இப்ப எத்தனைன்னாலும் வாங்கிக்கும்ணே.”

“எப்படித் தம்பி?”

“ஒட்டுக்கடையில என்ன சொல்லி தண்ணி கேப்பீங்க?”

“தே ஓ,” என்றேன். பால் இல்லாத தேநீர் அது.

“சீனி கம்மியா வேணும்னா?”

“சீனி கம்மின்னு சொல்லுவேன்.”

“ஐஸ் வேணும்னா? கட்டிக்கிட்டுப் போகணும்னா?”

“ஐஸ். புங்குஸ்.”

“எதை முன்னாடி சொல்லுவீங்க?”

“வாயில எது வருதோ அது.”

“கடைக்காரரு என்னைக்காச்சும், ‘மூணு வார்த்தைக்கு மேல சொன்னா கடையை மூடிருவேன்’னு சொல்லியிருக்காரா?”

“இல்ல.”

“அதேதான்லா!” என்று துள்ளினார்.

நான் வெகுநேரம் யோசித்தேன். “அப்ப கம்ப்யூட்டர்ல தண்ணி கலக்கப் போறோமா தம்பி?”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு பொறுமையாக, எது என்னவென்று நாமே பெயர் ஒட்டிக் கொடுக்க வேண்டும் என்றார். பெயர், சமக்குறி, கமலா. ராசி, சமக்குறி, மேஷம். எது முன்னே எது பின்னே என்கிற கவலை இல்லை. புதிதாக எது வந்தாலும் அதற்கும் ஒரு பெயரை ஒட்டிக் கொடுத்தால் போதும். இரண்டு ஸ்டார் போட்ட அந்த ‘எல்லாம்’ ஒரு பை மாதிரி. வருவதையெல்லாம் அதில் போட்டுக்கொள்ளும்.

“லோரி நம்பர்?”

“வாங்கிக்கும்.”

“முதுகுவலி?”

“வாங்கிக்கும்ணே! நாம எதையும் முன்கூட்டியே சொல்லி வைக்கத் தேவையில்லை.”

அடித்துப் பார்த்தோம். பெயர், ராசி, லோரி, முதுகுவலி எல்லாம் சீட்டில் வந்தன. நான்கும் வந்ததா என்று எண்ணினோம். வந்திருந்தன. எந்த வரிசையில் வந்தன என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. அதுதான் நாங்கள் செய்த பிழை.

திருவிழா நாள் வந்தது. தலைவர் பட்டு வேட்டியில் நின்றார். மச்சான் மை நிரப்பிய பேனாவோடு அவர் பின்னால் நின்றார். வாங்கிக்கும் பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒற்றைக்காலில் நின்றார். ஏன் என்று தெரியவில்லை, கேட்கவும் நேரமில்லை. நான் முதல் ஆள் சொன்னதை அடித்துப் பொத்தானைத் தட்டினேன். சீட்டுகள் வந்தன. கிர்ர் கிர்ர். எட்டு விஷயம் சொன்னாலும் வந்தன, பன்னிரண்டு சொன்னாலும் வந்தன. வருகிற ஆட்கள் முகத்தை வைத்துத் தங்கள் இஷ்டத்துக்குச் சொன்னார்கள். நான் இஷ்டத்துக்கு அடித்தேன். எஸ்பிஎம் பரீட்சை, வீட்டுக் கூரை ஒழுகல், காணாமல் போன பூனை, எல்லாவற்றையும் பை வாங்கிக்கொண்டது.

அப்போது ஒரு கான்ட்ராக்டர் காரில் வந்து இறங்கினார். அவருக்கு இரண்டு மனைவிகள். ஊருக்குத் தெரியும், ஊர் பேசுவதில்லை. அன்றைக்கு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் ‘மனைவி’ என்று பெயர் ஒட்டி ஒருவரை அடித்தேன். மறுபடியும் ‘மனைவி’ என்று ஒட்டி அடுத்தவரை அடித்தேன். பெரிய பொத்தானைத் தட்டினேன். சீட்டு வரவில்லை. மறுபடியும் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

வாங்கிக்கும் குனிந்து படித்துவிட்டு, கோயில் முழுக்கக் கேட்கிறபடி சொன்னார்: “ஒரே பேரை ரெண்டு தடவை குடுக்கக் கூடாதாம்ணே. மனைவி ஒண்ணுதான் இருக்கணுமாம்!”

மேளம்கூட நின்றுவிட்டது போல இருந்தது. மூத்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கணவரைப் பார்த்துத் திரும்பினார். “பாத்தீங்களா? கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சிருக்கு! பதினாறு வருசமா ஒங்க வாயில வரல!”

“அக்கா, அது மெசினு,” என்றார் இளையவர்.

“நீ பேசாத!”

“பேரு வேற வேறயா இருந்தா போதும், வாங்கிக்கும்!” என்று வாங்கிக்கும் கெஞ்சினார். “மனைவி ஒண்ணு, மனைவி ரெண்டுன்னு அடிங்கண்ணே!”

“யாரு ஒண்ணு?” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

கான்ட்ராக்டர் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் யாரையும் பார்க்காமல் ‘பெரியவங்க’, ‘சின்னவங்க’ என்று அடித்தேன். சீட்டு வந்தது. சட்டை முழுக்க நனைந்திருந்தது எனக்கு.

அது முடிந்தது என்று மூச்சு விட்ட நேரத்தில்தான் கருவறையிலிருந்து அந்தக் குரல் வந்தது. குவிந்திருந்த சீட்டுகளை எடுத்துக் குருக்கள் அப்போதுதான் அர்ச்சனையைத் தொடங்கியிருந்தார்; அவர் வேகமாகப் படிப்பவர். சீட்டில் முதல் வரி எதுவோ அதை நட்சத்திரமாகவும், இரண்டாவதை ராசியாகவும், மூன்றாவதைப் பெயராகவும் சொல்லிக்கொண்டே போவார். கண்ணும் வாயும் அப்படிப் பழகியிருந்தன.

“முதுகுவலி நக்ஷத்ரே, பூனை ராசௌ ஜாதஸ்ய, லோரி நாமதேயஸ்ய…”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது. மணியைக் கீழே வைத்துவிட்டு, சீட்டுக் கத்தையோடு சன்னலுக்கு வந்தார்.

“என்னய்யா இது? ஒன்றில் ராசி முதலில் இருக்கிறது. ஒன்றில் பெயர் கடைசியில் இருக்கிறது. ஒன்றில் கூரை ஒழுகல் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது!”

வாங்கிக்கும் சீட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “பைக்குள்ள போட்டா வரிசை இருக்காது சாமி. நாம எந்த வரிசையில போட்டோமோ அந்த வரிசையில வராது. அதுக்கு எது வசதியோ அப்படி வெளிய வரும். ஆனா பக்கத்துல பேரு ஒட்டியிருக்கு பாருங்க. அதைப் பாத்துத்தான் எடுக்கணும்.”

“கற்பூரம் எரியும்போது நான் பெயர் தேடிக்கொண்டிருக்க முடியுமா?”

தலைவர் என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அவருக்கு. “எந்திரிலா,” என்றார்.

நான் எழுந்தேன். மச்சான் உள்ளே வந்து நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டு வருடம் உட்கார்ந்த நாற்காலி. ஒரு கால் கொஞ்சம் ஆடும், நான் அட்டை மடித்து வைத்திருந்தேன். அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

குருக்கள் இன்னும் கத்தையோடு நின்றார். அர்ச்சனை ஆகாத சீட்டுகள் நாற்பதுக்கு மேல் இருக்கும். மேலே இருந்த சீட்டைக் காட்டி, “இது யார்? இதில் எது பெயர்?” என்று யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் கேட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன். “இது மூணாவது லோரோங்ல, அந்தச் சந்துல இருக்கிற கமலாக்கா, சாமி. அஸ்வினி, மேஷம். முதுகுவலி அவங்க மாமியாருக்கு. லோரி மகனோடது. பூனை… பூனை போன வாரம் காணாம போச்சு.”

“அடுத்தது?”

“இவரு ரேவதி, மீனம். பேரு கடைசியில இருக்கு பாருங்க. மகளுக்குப் பரீட்சை.”

அடுத்ததும் சொன்னேன். அதற்கு அடுத்ததும். சீட்டைப் பார்க்காமலே சொன்னேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடமாகக் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் சொன்னதுதானே.

குருக்கள் தலைவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இங்கே வந்து நில். நீ சொல்லு, நான் செய்கிறேன்.”

வாசகர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். பெண் பார்க்கப் போன வீட்டில் சொந்தப் பெயரைச் சொல்ல வராதவன். அவனைக் கொண்டுபோய்க் கருவறை வாசலில், முழுக் கூட்டத்துக்கும் முன்னால் நிறுத்தினார்கள். முதல் சீட்டை எடுத்தேன். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. இரண்டாவது முறை காற்று மட்டும் வந்தது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது பின்னாலிருந்து, பிரிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் கத்தினார்:

“அண்ணே! எந்த வரிசையில சொன்னாலும் வாங்கிக்கும்ணே!”

கூட்டம் முழுக்கச் சிரித்தது. குருக்களும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்தச் சிரிப்போடு சேர்ந்து குரல் வெளியே வந்துவிட்டது. “கமலா! அஸ்வினி!” என்றேன். அது என்னுடைய குரல்தானா என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

நாற்காலி மச்சானுக்குப் போனது. அவர் அழகாக எழுதுகிறார். நான் வாசலில் நின்று வாசிக்கிறேன். ஆட்கள் இப்போது அவரிடம் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, மிச்சத்தை என்னிடம் வந்து சொல்கிறார்கள். ஆக, என் இடம் போனதா, கிடைத்ததா? நானும் எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். இன்னும் தெரியவில்லை.

அடுத்த தை மாதம் வாங்கிக்கும் வேறு வேலை கிடைத்து வடக்கே கிளம்பினார். போகிற அன்றைக்குக் கோயிலுக்கு வந்தார். கம்ப்யூட்டரைச் சன்னலிலேயே விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னார். மூன்று நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை நான் கேட்டுவிட்டேன்.

“தம்பி, ஒங்களுக்கு ஒரு அர்ச்சனை பண்ணணும். பேரு, நட்சத்திரம் சொல்லுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, ‘அர்ச்சனை’ என்று அடித்தார். அடைப்புக்குறியைத் திறந்தார். உள்ளே ஒன்றும் போடாமல் உடனே மூடினார். பொத்தானைத் தட்டினார். கிர்ர் என்று சீட்டு வந்தது. மேலே அம்மன் பெயர் இருந்தது. கீழே ஒன்றும் இல்லை. வெறும் தாள்.

“ஒண்ணுமே குடுக்கலைன்னாலும் வாங்கிக்கும்ணே,” என்றார். ஹெல்மெட்டை மாட்டினார். இந்த முறை தன் தலையிலேயே மாட்டிக்கொண்டு போனார்.

அந்தக் கம்ப்யூட்டரை இப்போது யாரும் தொடுவதில்லை. வெள்ளிக்கிழமை மட்டும், எல்லாச் சீட்டும் முடிந்த பிறகு, மச்சானைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு நான் ஒரே ஒரு வரி அடிப்பேன். திறந்து, மூடி, தட்டுவேன். வடக்கே போன தம்பிக்காக அந்த வெறும் சீட்டைக் கடைசியாகக் குருக்களிடம் கொடுப்பேன். முதல் தடவை குருக்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பெயர் இல்லை, நட்சத்திரம் இல்லை. அம்மன் யாருக்கென்று வாங்கிக்கொள்வாள்?”

“வாங்கிக்கும், சாமி,” என்றேன்.

அவர் கற்பூரத்தை ஏற்றினார்.

எழுதி முடித்தது: 1999, ஆடி மாதம், கடைசி வெள்ளிக்கிழமை.